மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை

‘பிறந்த குழந்தைக்கு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பாலூட்ட வேண்டும். இடைப்பட்ட நேரத்தில் அழுதால் உடனே பால் கொடுத்துப் பழக்கக் கூடாது. தூக்கிவைத்து ஆறுதல்படுத்தினால் போதும்.’ மருத்துவமனையில் சேர்ந்த அன்று கொடுத்த கையேட்டில் நான்காம் பக்கம், இரண்டாம் பத்தி.

அதை முதல்முறை படித்தபோது எனக்கு மனம் நிறைந்துபோனது. யார் எழுதினாரோ, நல்ல வரைவு. இடைவெளி எவ்வளவு என்று சொல்கிறது. யாராவது சலுகை கேட்டால் என்ன பதில் சொல்வது என்று சொல்கிறது. மேல்முறையீட்டுக்கு இடமே வைக்கவில்லை. மத்திய அரசு அலுவலகம் ஒன்றின் நிர்வாகப் பிரிவில் உத்தியோக காலம் முழுவதும் விடுப்பு விதிகளோடு வாழ்ந்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு விதியைப் பார்த்த மாத்திரத்தில் அதில் ஓட்டை இருக்கிறதா என்று சொல்லிவிடுவேன். இதில் ஓட்டை இல்லை.

குறை ஒன்றுதான். விதி யாருக்குப் பொருந்துமோ, அவருக்கு அது முறைப்படி தெரிவிக்கப்படவில்லை. அவர் 1999 டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை பிறந்தார். என் பேத்தி.

பெங்களூர் தொம்மலூரில் எங்கள் தெருவில் இப்போது இரண்டு வீடுகளில் பிரசவம் எதிர்பார்க்கிறார்கள். “ஆஸ்பத்திரில ரொம்ப அல்லாடிட்டீங்களாமே சார், என்ன ஆச்சு?” என்று வாசலில் நிறுத்திக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட ஒரே சுற்றறிக்கையாக எழுதிவிடுவது மேல் என்று பட்டது. அதுதான் இது.

மகளின் பிரசவத்துக்கு அப்பா துணையிருப்பது வழக்கமில்லை. என் மனைவி வசந்தாதான் இருந்திருக்க வேண்டும். அதற்காக என்னுடைய நல்ல வேட்டிகளையெல்லாம் ‘பழசு’ என்று அறிவித்து, கிழித்து, துவைத்து, மடித்து வைத்திருந்தாள். சுமதிக்கு வலி எடுக்கும் வாரத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்து கணுக்காலில் மாவுக்கட்டு போட்டுக்கொண்டாள். அவளைப் பார்த்துக்கொள்ள அவள் தங்கை வந்தாள். சுமதியைப் பார்த்துக்கொள்ள நான் போனேன்.

மாப்பிள்ளை முரளி வைட்ஃபீல்டில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை பார்க்கிறார். இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்ததும் உலகத்துக் கணினிகளெல்லாம் தேதியில் இரண்டு பூஜ்யங்களைப் பார்த்துக் குழம்பி நின்றுவிடும் என்று அப்போது ஒரு பயம் இருந்தது. அதைத் தடுக்கும் படையில் அவரும் ஒருவர். அந்த டிசம்பரில் அங்கே யாருக்கும் விடுப்பு கிடையாது. அரசு ஊழியர் என்றால் குழந்தை பிறந்ததும் தகப்பனுக்கு விடுப்பு உண்டு என்று நான் விதியோடு எடுத்துச் சொன்னேன்.

“மாமா, எங்க மேனேஜர்கிட்ட இதச் சொன்னா, ‘ரொம்ப நல்ல ரூல், நீ கவர்மென்ட்லயே போய்ச் சேந்துக்கோ’ம்பாரு” என்றார் முரளி.

ஆகவே பகலில் நான், வேலை முடிந்து வந்ததும் இரவில் முரளி என்று முறை வைத்துக்கொண்டோம்.

பிரசவம் நேராக நடக்கவில்லை. குழந்தையின் இதயத் துடிப்பு குறைகிறது என்று சுமதியை அவசரமாக உள்ளே கொண்டுபோய் சிசேரியன் செய்தார்கள். கதவுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்த அந்த நேரத்தில் சுவரிலிருந்த அறிவிப்புகளையெல்லாம் படித்து முடித்தேன். ‘பால்கனியில் துணி உலர்த்தக் கூடாது’ என்பது உட்பட. பிறகு கதவு திறந்தது. சிஸ்டர் ஃபிலோமினா ஒரு பொட்டலத்தோடு வந்தார். லிங்கராஜபுரத்துக்காரர். பேச்சில் யாரையும் விட்டுவைக்க மாட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது.

“பொண்ணு, அங்கிள். அம்மாவும் நல்லா இருக்காங்க. கையை நீட்டுங்க. இப்படியா நீட்டுவாங்க? இது என்ன பிரசாதமா?”

வாங்கினேன். சுருங்கிய நெற்றியோடு ஒரு முகம் என்னைப் பார்த்தது. திருப்பியனுப்பப் போகும் கோப்பை மேலதிகாரி பார்ப்பாரே, அந்தப் பார்வை. என் உத்தியோகத்தில் அந்தப் பார்வைக்கு நான் பயந்ததுண்டு. அன்று உருகிப்போனேன்.

அடுத்த நாளிலிருந்து தொடங்கியது. தையல் வலியால் சுமதியால் எழுந்து உட்கார முடியாது. ஒருக்களித்துப் படுத்தபடியே பால் கொடுக்க சிஸ்டர் சொல்லிக்கொடுத்தார். குழந்தை பற்றிக்கொண்டது. குடித்தது. தூங்கியது. நான் கையேட்டைப் பார்த்து அடுத்த முறை எப்போது என்று சொன்னேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை, விழித்துக்கொண்டு வீல் என்றது.

“பசிக்குதோ என்னவோப்பா” என்றாள் சுமதி.

“இப்பதானே குடிச்சா? பசியா இருக்காது. நீ கண்ணை மூடு. நான் பாத்துக்கறேன்.”

சுமதி வங்கியில் அதிகாரி. விதி என்றால் மதிக்கத் தெரிந்த பெண். கண்ணை மூடிக்கொண்டாள்.

நான் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தாழ்வாரத்தில் நடந்தேன். பாட வராது. பேச விஷயம் இல்லை. வாய்க்கு வந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். வந்தது ஈட்டிய விடுப்பு பற்றிய விதிகள். எந்தச் சூழ்நிலையில் அளிக்கலாம், எப்போது மறுக்கலாம், யாருக்கு அதிகாரம் என்று ஒரே குரலில், ஏற்ற இறக்கமில்லாமல் சொல்லிக்கொண்டே போனேன். அழுகை விம்மலாகி, விம்மல் கொட்டாவியாகி, அரைச் சம்பள விடுப்பு வருவதற்குள் தூங்கிப்போனாள். என் குரலுக்கு இப்படி ஒரு சக்தி இருப்பது அலுவலகக் கூட்டங்களிலேயே ஓரளவு தெரிந்த விஷயம்தான். இருந்தாலும் பெருமையாக இருந்தது.

பார்த்தவர்களும் பாராட்டினார்கள். பக்கத்து அறைக்காரர்கள் கதவைத் திறந்து, “தாத்தா கை பட்டா குழந்தை கப்சிப்” என்றார்கள். வீட்டிலிருந்து வசந்தா தொலைபேசியில் அழைத்தாள்.

“என்னங்க, அவ அழறாளா?”

“விதிப்படிதான் எல்லாம் நடக்குது. மூணு மணி நேரத்துக்கு ஒரு தரம்.”

“அப்படியா? பரவாயில்லையே. நம்ம சுமதி அப்படியெல்லாம் இருக்கலையே. சரி, காலம் மாறிடுச்சு போல.”

அந்த வாக்கியத்தில் இருந்த சந்தேகத்தை நான் குறித்துக்கொண்டிருக்க வேண்டும். மாவுக்கட்டுக் காலோடு தொலைதூரத்தில் இருப்பவரின் கருத்து என்று ஒதுக்கிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை குழந்தையின் கண்ணின் வெள்ளையில் மஞ்சள் தெரிந்தது. குதிகாலில் ஊசி குத்தி ரத்தம் எடுத்துப்போனார்கள். குதிகால் என்றாலும் அது என் கட்டைவிரல் நகம் அளவுதான். குழந்தைகள் மருத்துவர் டாக்டர் சுதா மத்தியானம் வந்தார். கன்னடக்காரர்; எங்களோடு தமிழில் பேசுவார், கோபம் வந்தால் தாய்மொழிக்குப் போய்விடுவார். அவர் விளக்கியதை என் வார்த்தையில் சொல்கிறேன். பிறந்த குழந்தையின் உடலில் பழைய சிவப்பணுக்கள் உடையும்போது பிலிருபின் என்று ஒரு மஞ்சள் கழிவு உண்டாகும். அது மலத்தோடு வெளியேற வேண்டும். வயிற்றுக்குள் பால் போனால்தான் மலம் போகும். போகாவிட்டால் மஞ்சள் உடம்பிலேயே தங்கும். தங்கினால் குழந்தை சோர்ந்து தூங்கும். தூங்கினால் குடிக்காது. குடிக்காவிட்டால் மஞ்சள் ஏறும். ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கும் அங்கிருந்து பழைய மேசைக்கும் சுற்றுகிற கோப்பு போல.

எடை பார்த்தார்கள். பிறந்த எடையில் கொஞ்சம் குறைவது எல்லாக் குழந்தைக்கும் உண்டாம். இவள் அந்தக் கொஞ்சத்தைத் தாண்டியிருந்தாள்.

நீல விளக்கு வைத்தார்கள். அந்த வெளிச்சம் தோலிலுள்ள மஞ்சளை உடைத்து எளிதாக வெளியேற வழி செய்யுமாம். கண்ணுக்குக் கறுப்புத் துணி கட்டி, இடுப்பில் ஒரு துண்டு மட்டும் கட்டிப் படுக்கவைத்தார்கள். கடற்கரையில் வெயில் காயும் வெள்ளைக்காரி மாதிரி கையைக் காலைப் பரப்பிக்கொண்டு கிடந்தாள்.

“திங்கக்கிழமை காலைல திரும்ப எடை பாப்பேன்” என்றார் டாக்டர். “ஏறலேன்னா டப்பா பால் சேத்துக் கொடுக்க வேண்டியதுதான். அதுல தப்பு ஒண்ணும் இல்ல.”

தப்பு இல்லைதான். ஆனால் சுமதியின் முகம் வாடிவிட்டது. தானே பால் கொடுத்து வளர்க்க வேண்டும் என்பது அவள் வயிற்றில் குழந்தை வந்த நாளிலிருந்து வைத்திருந்த ஒரே ஆசை. பிரசவம்தான் நினைத்தபடி நடக்கவில்லை, இதாவது நடக்கட்டும் என்று பிடித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் போனதும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“எனக்குப் பால் இல்லப்பா. அதான். அவ கேட்டுக் கேட்டு அழறா, என்கிட்ட ஒண்ணும் இல்ல.”

கதவைத் தாண்டிப் போய் டாக்டரைத் தாழ்வாரத்தில் பிடித்தேன். பிடித்து, இந்த நிலைமை எப்படி வந்திருக்கக்கூடும், நாங்கள் எல்லா நடைமுறையையும் அப்படியே பின்பற்றினோமே என்று கேட்டேன்.

“எந்த நடைமுறை சார்?”

கையேட்டை நீட்டினேன். நான்காம் பக்கம், இரண்டாம் பத்தி. அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார். மறுபடி படித்தார்.

“அய்யோ தேவரே! இது இன்னும் கொடுக்கறாங்களா? நான் இங்க வர்றதுக்கு முன்னாடி அச்சடிச்சது. இதை யாரும் படிக்கறதே இல்லியே சார்!”

“நான் படிச்சேன்.”

“அப்போ இடையில அழுதா?”

“தூக்கிட்டு நடப்பேன். விதிகள் சொல்லுவேன். தூங்கிடுவா.”

டாக்டர் சுதா கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். சிரிப்பை அடக்குகிறாரா, கோபத்தை அடக்குகிறாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பின்னால் மருந்துத் தட்டோடு நின்ற ஃபிலோமினா எதையும் அடக்கவில்லை.

“நம்ம அங்கிள் பாப்பாவோட பெட்டிஷனை எல்லாம் வாங்கி வாங்கி டிராயர்ல போட்டுட்டு இருந்திருக்காரு டாக்டர்!”

உண்மை. அதைவிடச் சுருக்கமாக நானே குறிப்பு எழுதியிருக்க முடியாது.

டாக்டர் என்னை அறைக்குள் திருப்பி அழைத்துவந்து சுமதியின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். “நோடம்மா, இங்க பாரு. பாப்பா வயிறு இப்போ ஒரு கோலிக்குண்டு அளவுதான். தாய்ப்பால் சீக்கிரமா ஜீரணமாயிடும். காலி ஆயிடுச்சுன்னா கேக்கத்தான் கேப்பா. ஒரு மணி நேரத்துல கேப்பா, சில சமயம் அரை மணிலயே கேப்பா. உனக்குப் பால் இல்லாததால இல்ல. அவ குழந்தையா இருக்கறதால.” பிறகு என் பக்கம் திரும்பினார். “சார், உங்க ஆபீஸ்ல ஸ்டோர்ஸ்ல சாமான் எப்படி வரும்?”

“இண்டென்ட் போட்டா வரும்.”

“போடலேன்னா?”

“தேவையில்லைன்னு நினைச்சு அனுப்ப மாட்டாங்க.”

“அதேதான். பாப்பா வாயை வெச்சு இழுக்கறது இண்டென்ட். எவ்ளோ தடவை போடறாளோ அவ்ளோ பால் ஊறும். ஆபரேஷன் ஆனவங்களுக்கு ஊற ஒண்ணு ரெண்டு நாள் தாமதமாகும், அவ்ளோதான். நீங்க அந்த இண்டென்டை எல்லாம் பேசிப் பேசித் தூங்க வெச்சுட்டீங்க. இனிமே வாயைத் திறந்தா கொடுங்க. வாயைத் திறக்கலேன்னாலும் எழுப்பிக் கொடுங்க. மஞ்சக் குழந்தை தூங்கத்தான் பாக்கும். ஈரத்துணியைப் பாத்துட்டே இருங்க. துணி நனைஞ்சா பால் உள்ள போகுதுன்னு அர்த்தம். திங்கக்கிழமை பாக்கலாம்.”

அவர் போன பிறகு சுமதி கையேட்டை என் கையிலிருந்து வாங்கி, நான்காம் பக்கத்தை மடித்து, அதன்மேல் தண்ணீர் டம்ளரை வைத்தாள்.

அன்று மத்தியானத்திலிருந்து எங்கள் அலுவலகத்தில் வேலை நேரம் என்பது இல்லாமல் போயிற்று. நீல விளக்கிலிருந்து எடு, கண் துணியை அவிழ், பால், ஏப்பம், துணி மாற்று, விளக்கு. மூச்சு விடுவதற்குள் மறுபடி முதலிலிருந்து. சுமதிக்கு முதுகுக்கு ஒரு தலையணை, குழந்தைக்குக் கீழே ஒன்று, முழங்காலுக்கு நடுவில் ஒன்று. மருத்துவமனை ஒரு நோயாளிக்கு ஒரு தலையணைதான் தரும். மற்றவை எப்படி வந்தன என்பதற்கு ஆவணம் இல்லை. ஃபிலோமினாவைக் கேட்டால், “தலைகாணியா? எந்தத் தலைகாணி?” என்பார்.

சாப்பாடுதான் பெரிய பிரச்சினை. சுமதியின் தட்டு வரும்போதெல்லாம் சின்னவளின் வாயும் திறக்கும். சோறு ஆறிப்போகும். கடைசியில் நானே தயிர்சாதத்தைப் பிசைந்து உருட்டி அவள் வாயில் போட்டேன். அவள் ஐந்து வயதில் கையைத் தட்டிவிட்டு, “நானே சாப்பிடுவேன்” என்று சொன்னதற்குப் பிறகு இதுதான் முதல்முறை. இந்தப் பக்கம் நான் அவளுக்கு ஊட்ட, அந்தப் பக்கம் அவள் மகளுக்கு ஊட்ட, மூன்று பேரும் ஒரே நேரத்தில் வேலையில் இருந்தோம்.

“அப்பா, ஊறுகாய்.”

“கேட்டா ஆயிடுச்சா? இந்த வீட்ல எல்லாரும் கேட்டுட்டே இருக்கீங்க.”

“கேட்டா உடனே கொடுக்கணும்னு டாக்டர் சொன்னாங்க இல்ல?”

வசந்தா தொலைபேசியில் ஆட்சி செய்தாள். பூண்டைப் பாலில் வேகவைத்துக் கொடுத்தனுப்பினாள். எங்கள் வீட்டு மாடியிலிருக்கும் கன்னடக்காரர்கள் சப்சிகே கீரை போட்டு, அரிசி மாவில் தட்டும் அக்கி ரொட்டி செய்து அனுப்பினார்கள். அந்த வாசனையான கீரையைத் தின்றால் பால் சுரக்கும் என்று அவர்கள் பக்கத்தில் சொல்வார்களாம். சுரந்ததோ இல்லையோ, ரொட்டியில் பாதியை நான் சாப்பிட்டேன்.

சனிக்கிழமை காலை முரளியின் அத்தை அல்சூரிலிருந்து வந்தார். நல்ல மனுஷி. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தார். சுமதி அன்று காலையிலிருந்து எத்தனையாவது முறையோ தெரியாது, பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா இது, எப்பப் பாத்தாலும் வாயில வெச்சிட்டே இருக்கு? பால் பத்தல போல. எங்க நாத்தனாருக்கும் இப்படித்தான். ஒரு டப்பா வாங்கிக் குடுத்துட்டா நீயும் தூங்கலாம், அதுவும் தூங்கும்.”

சுமதியின் கண் நிரம்புவதைப் பார்த்தேன். விதிகள் எதற்காக இருக்கின்றன என்பது எனக்கு அந்த நொடியில் மறுபடி விளங்கியது.

“அம்மா, பார்வையாளர் நேரம் சாயங்காலம் நாலு மணிக்கு மேல. இப்ப வந்தா கீழே பாஸ் வாங்கணும். வாங்கிட்டீங்களா?”

“பாஸா? வாட்ச்மேன் ஒண்ணும் கேக்கலியே.”

“அவரு கேக்கலேன்னா அது அவரோட குற்றம். செக்கிங் வந்தா உங்களைத்தான் கேப்பாங்க. வாங்க, நானே வந்து வாங்கித் தரேன்.”

பாஸ் கொடுக்கும் ஜன்னல் நாலு மணிக்குத்தான் திறக்கும். அது எனக்குத் தெரியும். அவருக்கு ஒரு நல்ல காபி வாங்கிக்கொடுத்து ஆட்டோவில் ஏற்றிவிட்டு மேலே வந்தேன். சுமதி கண்ணீரோடு சிரித்துக்கொண்டிருந்தாள். “அப்பா, சிரிக்க வெக்காதீங்க, தையல் வலிக்குது.” ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அன்று இரவே அந்த அம்மாள் முரளி கையில் ஒரு தூக்கு நிறைய பூண்டுக் குழம்பு கொடுத்துவிட்டார். அந்தக் குழம்பை நினைத்தால் இன்றும் நான் செய்தது கொஞ்சம் அதிகமோ என்று தோன்றுகிறது.

அன்று மத்தியானம் குழந்தை விளக்கின் கீழ் இருந்த ஒரு சிறு இடைவேளையில் மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதினேன். பொருள்: பாலூட்டும் இடைவெளி குறித்துத் தெளிவுரை கோருதல். தங்கள் கையேட்டின் நான்காம் பக்கம் இவ்வாறு கூறுகிறது. தங்கள் மருத்துவர் அதற்கு நேர்மாறாகக் கூறுகிறார். இவற்றில் எது நடைமுறையில் உள்ளது என்று தெரிவிக்கவும். மருத்துவர் கூறுவதே சரியெனில், கையேட்டைப் படிக்கும் பழக்கமுள்ள ஒரு சிலரின் நலன் கருதி அதைத் திருத்தவும். ஆலோசனைப் பெட்டி என்று ஒன்று மாடிப்படி அருகில் இருந்தது. அதன் பூட்டு துருப்பிடித்திருந்ததைப் பார்த்துக்கொண்டேதான் போட்டேன்.

இரவுகளை நான் பார்க்கவில்லை. முரளி காலையில் சிவந்த கண்களோடு பொறுப்பை ஒப்படைக்கும்போது சொல்வதுதான் எனக்குத் தெரியும். “மாமா, எங்க சர்வர்கூட இவ்ளோ தடவை கூப்பிடாது. ஆனா எங்க சர்வர் ஏப்பம் விட்டா நான் இவ்ளோ சந்தோஷப்பட்டதும் இல்ல.” கம்பெனி வண்டியில் வைட்ஃபீல்டு போய்ச் சேரும் வரை தூங்குவாராம். பெங்களூரின் போக்குவரத்து நெரிசலால் நன்மையடைந்த ஒரே மனிதர்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் செய்தித்தாளில் மூழ்கியிருந்தேன். சுமதி, “அப்பா, பேசாதீங்க” என்றாள். நான் பேசவே இல்லை. “கேளுங்க.”

கேட்டேன். குழந்தை விழுங்கும் சத்தம். சின்னச் சின்னதாக, ‘கக்’, ‘கக்’ என்று. அதுவரை சப்பும் சத்தம்தான் கேட்டிருக்கிறோம். இது வேறு. வாய் ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடு வழிந்தது. சுமதியின் இன்னொரு பக்கத்து ரவிக்கை நனைந்து போர்வை வரை ஈரம் இறங்கியிருந்தது. அவள் அதைத் தொட்டுப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தையலை மறந்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். குழந்தைக்கு இடைஞ்சலாகிவிட்டது போல. விட்டுவிட்டு ஒரு நிமிடம் நெற்றியைச் சுருக்கிப் பார்த்துவிட்டு மறுபடி வேலையைத் தொடர்ந்தது.

அதன் பிறகு துணிகள் நனையத் தொடங்கின. என் வேட்டிகள் ஒவ்வொன்றாகப் பணியாற்றின. குளியலறைக் கம்பியில் இடம் போதவில்லை. நாற்காலி முதுகு, ஜன்னல் கம்பி எல்லாம் நிரம்பின. கடைசியில் கொடிக்கயிறு ஒன்று வாங்கிவந்து பால்கனியில் கட்டினேன். அறிவிப்பு என் தலைக்கு மேலேயே இருந்தது. ஒரு விதியைத் தெரிந்தே மீறுவது எப்படியிருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. நன்றாக இருக்கிறது. வரிசையாக எல்லாம் காற்றில் ஆடின.

ஃபிலோமினா எட்டிப் பார்த்தார். “என்ன அங்கிள், கொடியேத்தமா? எங்க சர்ச் திருவிழாவுக்குக்கூட இவ்ளோ கொடி கட்ட மாட்டாங்க. மேட்ரன் பாத்தா திட்டுவாங்க.”

“எழுத்து மூலமா விளக்கம் கேக்கச் சொல்லுங்க. பதில் தரேன்.”

திங்கட்கிழமை வந்தது. துணி நனைந்தது, விழுங்கும் சத்தம் கேட்டது, எல்லாம் சரி. ஆனால் முடிவு சொல்லப் போவது தராசு. சுமதி இரவெல்லாம் தூங்கவில்லை என்று முரளி சொன்னார். அவரும் அன்று தாமதமாக வருகிறேன் என்று கம்பெனிக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு நின்றார். டாக்டர் வந்தார். ஃபிலோமினா தட்டு வைத்த தராசைத் தள்ளிக்கொண்டு வந்து, துணி விரித்து, முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, குழந்தையைக் கிடத்தினார்.

முள் ஆடியது. குழந்தை காலை உதைத்தது. முள் நிற்பதற்குள், தராசின் மேலேயே, தட்டில் குளம் கட்டும் அளவுக்குத் தாராளமாகச் சிறுநீர் கழித்தாள். துணி நனைந்து தட்டின் ஓரம் வழியாகத் தரையில் சொட்டியது.

“சிஸ்டர், அதைக் கழிக்கக் கூடாது!” என்று கத்திவிட்டேன். “அது எடையிலதான் சேரணும்! கணக்கு எடுக்கும்போது கையிருப்புல இருந்தது அது!”

“சும்னிரி சார்” என்றார் டாக்டர். பேசாமல் இருங்கள் என்பதைக் கன்னடத்தில் அத்தனை பிரியமாக யாரும் என்னிடம் சொன்னதில்லை.

துடைத்தார்கள். துணி மாற்றினார்கள். மறுபடி பூஜ்யம். மறுபடி கிடத்தினார்கள். முரளி சுமதியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். முள் ஆடி, ஆடி, நின்றது. ஃபிலோமினா குனிந்து பார்த்து, வெள்ளிக்கிழமைச் சீட்டை எடுத்துப் பார்த்து, மறுபடி குனிந்து பார்த்தார்.

“ஏறியிருக்கு டாக்டர்! நல்லாவே ஏறியிருக்கு! அவ்ளோ வெளியே விட்டும் ஏறியிருக்கு!”

காலையில் எடுத்த ரத்தத்தில் மஞ்சளும் இறங்கியிருந்தது. டாக்டர் சுதா நீல விளக்கின் சுவிட்சைத் தானே அணைத்தார். “டப்பா பால் ஃபைல் க்ளோஸ், சார். திருப்தியா?” என்றார். சுமதி குழந்தையை வாங்கி, யாரும் கேட்காமலே, குழந்தைகூடக் கேட்காமலே, பால் கொடுக்கத் தொடங்கினாள்.

புதன்கிழமை வீட்டுக்கு வந்தோம். பில்லைச் சரிபார்த்தேன், தலையணைகள் அதில் இல்லை. வசந்தா மாவுக்கட்டுக் காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு இரண்டு கைகளையும் ஏந்தியபடி கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். குழந்தையை வாங்கிக்கொண்டதும் என்னைப் பார்த்து, “மூணு மணி நேரத்துக்கு ஒரு தரமாமே” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். முப்பது வருட இல்லறத்தில் அவள் எனக்குக் கொடுத்த மிகக் குறைந்த தண்டனை.

வீட்டிலும் அதே கதைதான். அரை மணி, ஒரு மணி, சாயங்காலங்களில் இடைவெளியே இல்லாமல். சாயங்காலம் கொத்தாகக் கேட்பதும் இயல்புதான் என்று டாக்டர் சொல்லியனுப்பியிருந்ததால் யாரும் பயப்படவில்லை. சுமதிக்கு அலுப்புதான். ஆனால் அலுப்பு வேறு, பயம் வேறு. ஆண்டு மாறிய இரவில் முரளி அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார். “மாமா, ஒண்ணும் ஆகல. எல்லா சிஸ்டமும் ஓடுது.” இங்கேயும் ஒன்றும் ஆகவில்லை, குடித்துக்கொண்டிருக்கிறாள் என்றேன்.

மாதங்கள் போகப் போக இடைவெளிகள் தாமாகவே நீண்டன. ஒரு நாள் சுமதி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “அப்பா, இன்னைக்கு ரெண்டு தடவை சரியா மூணு மணி நேரம் ஆச்சு” என்றாள். கையேடு சொன்ன குழந்தை கடைசியில் கிடைத்துவிட்டது. கொஞ்சம் தாமதமாக, நான்கு மாத வயதில்.

ஆறு மாதம் முடிந்து, இனி சோறு தொடங்கலாம் என்று டாக்டர் சொன்னார். வீட்டிலேயே ஒரு வெள்ளிக் கிண்ணத்தில் குழைந்த சோறும் பருப்பும் நெய்யுமாகப் பிசைந்து வைத்தோம். மாவுக்கட்டு என்றோ பிரிக்கப்பட்ட வசந்தா, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டாள். அத்தை அல்சூரிலிருந்து வந்திருந்தார். பாஸ் கேட்காமல் உள்ளே விட்டேன். முதல் பருக்கையை வாயில் வைத்ததும் பேத்தி அந்தப் பழைய பார்வையைப் பார்த்தாள். திருப்பியனுப்பும் பார்வை. துப்பிவிட்டுச் சுமதியை நோக்கிக் கையை நீட்டினாள்.

அந்த நேரத்தில்தான் தபால்காரர் வந்தார். மருத்துவமனையின் உறை. பிரித்தேன். தங்கள் கடிதம் பரிசீலிக்கப்பட்டது, கையேட்டின் நான்காம் பக்கம் இரண்டாம் பத்தி நீக்கப்படுகிறது, அதற்குப் பதிலாக ‘குழந்தை கேட்கும்போதெல்லாம் பாலூட்டவும்’ என்று வாசிக்கவும், திருத்தப்பட்ட பிரதி அச்சில் உள்ளது, சுட்டிக்காட்டியமைக்கு நன்றி.

பதிலே வராது என்று எழுதிய கடிதத்துக்குப் பதில். அதுவும் கேட்டதைச் செய்த பதில். என் உத்தியோக காலத்தில் இப்படி ஒன்று வந்திருந்தால் சட்டம் போட்டு மாட்டியிருப்பேன். எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன். ஒரே குரலில், ஏற்ற இறக்கமில்லாமல். பேத்தி சுமதியை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். தூங்கப் போகிறாள் என்று நினைத்தேன். எட்டிக் கடிதத்தைப் பிடுங்கி, மூலையை வாயில் வைத்து, பல்லில்லாத ஈறால் அழுத்தி, சோற்றைவிட இது மேல் என்பதுபோல் சப்பத் தொடங்கினாள்.

அந்தக் கடிதம் இன்றும் என் கோப்பில் இருக்கிறது. ஒரு மூலை இல்லை. அந்த ஓரத்தில் மை கலைந்த ஒரு வட்ட ஈரக் கறை. பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சியாக அதுவே போதும் என்று கையெழுத்து போடாமல், அதன் கீழே தேதி மட்டும் எழுதி வைத்தேன்: 14 ஜூன் 2000, புதன்கிழமை.